ராயபுரம் வீடு (குடும்பக் குழு)

சுதா: 🎤 0:48
ஞாயிறு தாத்தா படையலில் நிலா படிக்கப் போவது. அவளே இங்கிலீஷில் எழுதினாள். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

செந்தில்: சூப்பர் நிலாக்குட்டி 👏👏

கலா: அருமை. ஆனால் அப்பா எப்போது ஆடு இறக்கினார்?

செந்தில்: ???

கலா: ‘அன்லோடட் பிக் ஷீப்ஸ்’ என்கிறாள். ஹார்பரில் கிரேன் ஓட்டிய மனுஷன்.

முரளி: 😂😂

செந்தில்: ‘லீவ்டு இன் ராயபுரம்’ வேறு. அப்பா ஒருநாள் லீவு போட்டு நான் பார்த்ததில்லை.

சுதா: சிரிக்காதீர்கள், பக்கத்தில்தான் நிற்கிறாள்.

சண்முகம்: குழந்தை மேல் தப்பில்லை. தமிழில் கி, கீ என்று சுழியைப் பார்த்தாலே குறிலா நெடிலா தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் உயிரெழுத்து ஐந்துதான், உயிரொலியோ 20 பக்கம் வரும். ‘இ’ எழுத்து இரண்டு சேர்ந்தால் பெரும்பாலும் நெடில்: ஷீப், ஃபீல். ‘ஓ’ இரண்டு சேர்ந்தால் நம்பவே முடியாது. மூன் நெடில், புக் குறில். 1400 முதல் 1700 வரை அவர்கள் நாக்கில் நெடில்கள் இடம் மாறிவிட்டன, எழுத்து பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு.

கலா: மாத்திரை என்றதும் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை நாளையோடு தீர்கிறது. இந்த மாதம் யார் முறை?

முரளி: போன மாதம் நான்.

கலா: அதற்கு முந்தின மாதம் நான்.

செந்தில்: தாம்பரத்திலிருந்து எப்படிக் கொண்டு வருவது?

கலா: அங்கே மருந்துக் கடை இல்லையா, ரயில் இல்லையா?

சண்முகம்: நான் இன்னும் முடிக்கவில்லை. நீளம் மட்டும் இல்லை வித்தியாசம். ஷீப்புக்கு உதடு சிரிக்கிற மாதிரி விரியும். ஷிப்புக்கு வாயைத் தளர விட வேண்டும், நாக்கும் கொஞ்சம் கீழே இறங்கும். வெறுமனே சுருக்கிச் சொன்னால் அவசரத்தில் சொன்ன ஆடுதான் வரும். இன்னொன்று. பீட், பீட் இரண்டும் நெடில், ஆனால் முதல் பீட் சற்றுக் குறுகும்.

முரளி: அண்ணா, இரண்டும் ஒன்றுதானே?

சண்முகம்: முதலாவது அடி. இரண்டாவது பாசிமணி. தமிழில் எழுதினால் அப்படித்தான் தெரியும். நேரில் சொல்கிறேன்.

கலா: நேரில் என்றால் யார் வீட்டில்? அதுவே முடிவாகவில்லை.

சுதா: 🎤 0:09
இப்போது?

கலா: கப்பல் வந்துவிட்டது 👍 ஆனால் ‘ஃபூல் ஆஃப் லவ்’ என்கிறாளே. அப்பாவை முட்டாள் ஆக்கிவிட்டாள்.

செந்தில்: கொருக்குப்பேட்டை மனையை எழுதிக் கொடுத்தவர்தானே. அது சரியாகத்தான் இருக்கிறது.

சண்முகம்: செந்தில், குழந்தை பார்க்கிற போன் இது.

முரளி: விடுங்கப்பா.

கலா: வஞ்சிரமா, கறியா? அப்பாவுக்கு வஞ்சிரம்தான் உயிர்.

முரளி: காசிமேட்டுக்கு விடியற்காலையே போக வேண்டும்.

செந்தில்: மீன் என் செலவு.

கலா: செலவு சரி. போவது யார்?

சண்முகம்: ஃபுல் என்பதில் ‘எல்’ இரண்டு இருந்தாலும் உயிர் குறில்தான். உதட்டைக் குவித்து உடனே விட்டுவிட வேண்டும். நிலாவை ஒருமுறை சொல்லச் சொல்லு சுதா.

சுதா: தூங்கிவிட்டாள் மாமா.

கலா: மாத்திரை?