தரங்கம்பாடியில் ஒரு இரவு: பெற்றோர், குழந்தையோடு சரிவருமா?

வடபழனி வண்டி கேட்டது:
சென்னையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு கடலோரமாகவே காரில் போகிறோம். அம்மா, அப்பா (65 தாண்டியவர்கள்), 6 வயதுப் பையன் உடன். நடுவில் ஒரு இரவு கூட்டமில்லாத கடற்கரை ஊரில் தங்க ஆசை. தரங்கம்பாடி நினைப்பில் இருக்கிறது. எந்தக் கிழமை, எங்கே தங்குவது, கடலில் இறங்கலாமா?

கொள்ளிடக்கரை:
தாராளமா சரிவரும். சுமார் 280 கி.மீ. சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து 7 மணி நேரம் வெச்சுக்குங்க. விடிகாலை 5 மணிக்கே கிளம்பிடுங்க. சனிக்கிழமை பத்து மணிக்கு மேல புதுச்சேரிக்குள்ள நுழைஞ்சா ராஜீவ் காந்தி சிலை, இந்திரா காந்தி சிலை ரெண்டு சந்திப்புலயும் நேரம் போயிடும். அப்புறம் கடலூர், சிதம்பரம், சீர்காழி, ஆக்கூர், திருக்கடையூர். ஒண்ணு சொல்லணும்: புதுச்சேரி தாண்டினா சாலை கடலை விட்டு விலகிடும். கடைசி வரைக்கும் வயலும் வாய்க்காலும்தான், அலை கண்ணுல படாது.

வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், கடற்கரையில இருக்கிற டேனிஷ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்னைக்கு விடுமுறை.

காவிரிக் கடைமடை:
தங்குவதுதான் இங்கே சிக்கல். ஊருக்குள் கடலைப் பார்த்த அறைகள் கொஞ்சம்தான். சனி, ஞாயிறுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் 8 கி.மீ. தொலைவில் திருக்கடையூரில் நிறைய விடுதிகள் உண்டு. ஆனால் அங்கே மணிவிழாவும் சதாபிஷேகமும் ஓயாமல் நடக்கும். நல்ல நாளாக அமைந்துவிட்டால் ஒரே குடும்பம் பத்து அறைகளை எடுத்திருக்கும். அதனால் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத் தேதி வையுங்கள். ஏ.டி.எம்., பெட்ரோல், மருந்துக்கடைக்குப் பொறையாறு பக்கத்திலேயே இருக்கிறது.

மாலை 4 மணிக்கு வெயில் தணிந்ததும் நகர வாயிலில் (1792) தொடங்கி கிங்ஸ் தெரு வழியே நடந்தால் பெரியவர்களுக்கும் சிரமம் இருக்காது. வழியில் சீயோன் ஆலயம் (1701), ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்க் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் (1718). அவர் கல்லறை அதற்குள்தான் இருக்கிறது. தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறியது இந்தச் சின்ன ஊரில்தான் என்பதைப் பையனுக்குச் சொல்லிக்கொண்டே நடங்கள். கோட்டையை மட்டும் மாலைக்கு விடாதீர்கள், மதியமே பார்த்துவிடுங்கள். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு டேனிஷ்காரர்கள் கட்டியது. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.

வலைக்காரன்:
கடலில் குளிக்க வேண்டாம், குழந்தையோடு கண்டிப்பாக வேண்டாம். மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் கரை அரித்து அரித்து, கோயிலிலேயே ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அங்கே கொட்டியிருக்கும் கருங்கற்களின் மேல் பச்சைப் பாசி படிந்திருக்கும். ரப்பர் செருப்பு வழுக்கும், கல் இடுக்கில் கால் போனால் எலும்பு முறியும். அலை பின்வாங்கும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். கோட்டைக்கு முன்னால் மணலில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிழக்குக் கரை ஆச்சே, பார்க்க வேண்டியது விடியற்காலை. ஐந்தே முக்காலுக்குக் கரையில் இருங்கள். ஃபைபர் படகு கரையேறும்போது நேர் எதிரே நிற்காதீர்கள், அலையோடு வரும் வேகத்தில் சட்டென்று நிறுத்த முடியாது. காயும் வலையை மிதிக்காதீர்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் வரத்து குறையும், விலை ஏறும்.

வடபழனி வண்டி:
மிக்க நன்றி. நவம்பர் கடைசியில் போகலாமா? காரை மணல் வரை ஓட்டலாமா?

கொள்ளிடக்கரை:
நவம்பர், டிசம்பர் வேண்டாங்க. வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம் எல்லாம் அப்பத்தான். பொங்கல் கூட்டம் கலைஞ்சதுல இருந்து மார்ச் ஆரம்பம் வரைக்கும் அருமையா இருக்கும்.

காரை தார் சாலையிலயே நிறுத்துங்க. முன் சக்கரம் மணல்ல புதைஞ்சா ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாத்தான் இறங்கும். டயர் காத்தைக் கொஞ்சம் இறக்கி, சக்கரத்துக்கு முன்னால மணலைத் தோண்டி, தென்னமட்டை போட்டு மெதுவா எடுக்கணும். ராத்திரி கடல் காத்துல முன் கண்ணாடி மேல உப்பு படியும். காலைல வெறும் வைப்பர் போட்டா கீறல் விழும், முதல்ல ஒரு பாட்டில் நல்ல தண்ணி ஊத்திடுங்க. வீடு திரும்பினதும் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணியில கழுவுங்க.

நாகைக்குக் காரைக்கால் வழியாத்தான் போவீங்க. அது புதுச்சேரி யூனியன் பிரதேசம், மது பாட்டில் எதுவும் வண்டியில வேண்டாம். சோதனைச் சாவடியில நிறுத்திப் பார்ப்பாங்க.