ஃப்ரீட்ரிக்கை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

எல்பெக்கரை எழுதியது:

எனக்கு வேலை ட்ரெஸ்டனில், வீடு பிர்னா போகும் வழியில். பிர்னா என்றதும் இங்கே எல்லோர் வாயிலும் வரும் பெயர் ஃபிரான்செஸ்கோ ஃப்ரீட்ரிக். 1990-ல் அந்த ஊரில் பிறந்தவர். தடகளத்தில் இருந்தவர், 2006-ல் அண்ணன் டேவிட்டின் பின்னாலேயே பாப்ஸ்லெட்டுக்கு, அதாவது பனித்தடத்தில் ஸ்லெட் வண்டியில் சறுக்கி இறங்கும் பந்தயத்துக்கு, வந்தார். 2018-ல் இரண்டு, 2022-ல் இரண்டு என்று ஒலிம்பிக் தங்கம் நான்கு. கால்பந்தில் டைனமோ ட்ரெஸ்டன் தோற்ற வாரங்களில் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு இவர்தான் ஆறுதல்.

டிவியில் பார்த்ததை நாம் நிறையப் பேசியாயிற்று. நேரில் போய்ப் பனியில் நின்று பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

2020 உலகச் சாம்பியன்ஷிப் ஆல்டென்பெர்கில் நடந்தது. நால்வர் போட்டி பிப்ரவரி மாதக் கடைசியில். கொரோனாவுக்காக ஊரே அடைபடுவதற்குச் சற்று முன்பு. ஹைடெனாவில் மாறினால் பள்ளத்தாக்கு வழியாக மேலே ஏறும் சின்ன ரயில் ஒன்று உண்டு. கைக்கடிகாரத்துக்குப் பேர்போன கிளாஸ்ஹூட்டே வழியாகப் போகும். அன்று அதில் நிற்க இடமில்லை. கொடி, மாட்டு மணி, ஃபிளாஸ்க்கில் சூடான ஒயின் என்று திருவிழாவுக்குப் போகிற கூட்டம்.

தடம் 1,400 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், 17 வளைவுகள். கிழக்கு ஜெர்மனி காலத்தில் கட்டியது. முதலில் கட்டியது சரிப்படாமல் இடித்துத் திருத்திய பிறகுதான் 1987-ல் பெரிய போட்டிகள் வந்தன. நடுவில் கிட்டத்தட்ட முழு வட்டமாகச் சுற்றிவரும் கிரைசல் என்ற வளைவு இருக்கிறது. அங்கேதான் நின்றேன்.

ஸ்லெட் கண்ணுக்குப் படுவதற்கு முன்பே காதுக்கு வந்துவிடும். தூரத்தில் ஒரு உறுமல், கால் கீழே லேசான அதிர்வு, சரக்கென்று ஒரு நிறம், போய்விட்டது. மனுஷர்களைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது, நாலு ஹெல்மெட்தான். ஆனால் கொஞ்ச நேரம் நின்றால் காது பழகிவிடுகிறது. சுவரில் உரசும் ஸ்லெட் ‘டப்’ என்று ஒரு சத்தம் போடும். வளைவிலிருந்து கோணலாக வெளியேறினால் இரும்பு பனியைச் சீவும் கரகரப்பு கேட்கும். ஃப்ரீட்ரிக் வந்தபோது அந்த உறுமல் கடைசி வரை ஒரே சீராக இருந்தது. பக்கத்தில் நின்றவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எனக்கு அப்போதுதான் இந்த விளையாட்டு கொஞ்சம் பிடிபட்டது.

அடுத்த வருஷச் சாம்பியன்ஷிப்பும் லேக் பிளாசிடிலிருந்து இங்கேயே மாற்றப்பட்டது. ஆனால் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு டிவியில் பார்த்த கொடுமையை என்ன சொல்ல.

தென்காசிக்காரன் எழுதியது:

ஊரிலிருந்து படிக்கிறேன். ஐஸையே குளிர்பானத்தில் மட்டும் பார்த்தவன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே தள்ளிவிட்டால் ஸ்லெட் தானாகத்தானே கீழே வரும்? அதில் ஒருத்தரே 2025 வரைக்கும் இருவர், நால்வர் இரண்டிலும் சேர்த்து 16 உலகப் பட்டம் எப்படி வாங்குகிறார்? நல்ல ஸ்லெட் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் ஜெயிப்பார்கள், அவ்வளவுதானே?

கழுத்துவலி எழுதியது:

தென்காசி அண்ணாச்சி, நான் அதில் உட்கார்ந்தே பார்த்துவிட்டேன். ஆல்டென்பெர்கில் காசு கட்டினால் பழகிய பைலட்டோடு நால்வர் ஸ்லெட்டில் நம்மை ஏற்றி இறக்குவார்கள். ஃப்ரீட்ரிக் ஓட்டவில்லை, அந்த அளவுக்கு எனக்கு ஜாதகம் இல்லை. ஆனால் அவர் சின்ன வயதிலிருந்து பழகிய அதே பனி.

ஏறும்போதே சொல்லிவிடுவார்கள்: கைப்பிடியை விடாதே, தோளைத் தூக்கிக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள், எட்டிப் பார்க்காதே. முதல் இரண்டு மூன்று வளைவு சிரித்துக்கொண்டே போனோம். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. கிரைசலில் நுழைந்ததும் யாரோ தலையில் அரிசி மூட்டையை இறக்கியது போல முகவாய் நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டது. நிமிர்த்த முடியவில்லை. என் தொடையும் முன்னால் இருப்பவரின் முதுகும்தான் தெரிந்தன. இடது வலது எதுவும் புரியவில்லை. ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்து, இறங்கினால் கால் நிற்கவில்லை.

அந்த நிலையில் முன்னால் ஒருத்தர் தலையை நிமிர்த்தி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதுதான் விஷயம். ஸ்டியரிங் சக்கரம் எல்லாம் கிடையாது. இரண்டு கையிலும் கைக்கொரு வளையம், அதிலிருந்து கயிறு, கயிறு முன் அச்சைத் திருப்பும். திருப்புவது என்றால் விரலளவு. அதிகம் இழுத்தால் இரும்பு பனியைக் கீறும், வேகம் போகும். இழுக்காமல் விட்டால் வளைவின் உச்சிக்கு ஏறிக் கவிழும். போட்டியில் 130, 140 கிலோமீட்டர் வேகத்தில், 17 வளைவுக்கும் எங்கே நுழைவது எங்கே விடுவது என்பதை முன்பே மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும். கண்ணால் பார்த்து முடிவெடுக்க நேரமில்லை. போட்டிக்கு முன் பைலட்டுகள் தடத்துக்குள் நடந்தே போய் ஒவ்வொரு வளைவையும் பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பின்னால் இருப்பவர் பிரேக் போடுவார் என்று நினைக்காதீர்கள். கோட்டைத் தாண்டிய பிறகுதான் அதற்கு வேலை.

லிம்மத் எழுதியது:

நான் சூரிச்சில் இருக்கிறன். எனக்கு ஆல்டென்பெர்க் தெரியாது, செயின்ட் மோரிட்ஸ் தெரியும். அங்க குளிரூட்டும் குழாய் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு மாரியும் பனியையும் தண்ணீரையும் குழைத்துக் கையாலேயே தடத்தைக் கட்டுவார்கள், வெயில் வந்தால் உருகிப் போய்விடும். 1904-ல் இருந்து இதுதான் வழமை. செயின்ட் மோரிட்ஸில் தொடங்கி செலரினாவில் முடியும். தடத்துக்குப் பக்கத்திலேயே பாதை இருக்கிறது, கீழ வரைக்கும் நடந்து போகலாம்.

ஃப்ரீட்ரிக்குக்கும் இந்த இடத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. 2013-ல் 22 வயதில் இருவர் பட்டத்தை வென்றது இங்கதான். அந்தப் போட்டியில் அவ்வளவு இளவயதில் வென்ற பைலட் அதுவரை இல்லை. பிறகு 2015, 2016, 2017, 2019, 2020, 2021 என்று இருவர் பிரிவில் ஒருத்தரும் அவரைத் தொடவில்லை. மோன்டி என்ற இத்தாலியர் 1950-கள், 60-களில் எடுத்த பட்டங்களின் கணக்கையும் தாண்டினார்.

2023 ஜனவரியில் திரும்பவும் செயின்ட் மோரிட்ஸ். நாங்கள் குடும்பமாகப் போனனாங்கள், குதிரை லாடம் என்று சொல்லும் பெரிய வளைவடியில் நின்றோம். அந்த முறை யோஹானஸ் லோக்னர் வென்றுவிட்டார், ஃப்ரீட்ரிக் இரண்டாவது. லோக்னர் பெர்க்டெஸ்காடன் பக்கத்து ஆள், எத்தனையோ வருஷம் இவருக்குப் பின்னாலேயே வெள்ளி வாங்கிக்கொண்டு திரிந்தவர். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான். கூட்டத்திலும் சனம் லோக்னருக்குத்தான் கூடக் கத்தியது. அடுத்த வாரம் நால்வரில் ஃப்ரீட்ரிக் வந்து தங்கத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார், அது வேற கதை.

ஒன்று மட்டும் சொல்ல வேணும். இவை இரண்டு பேரும் 2017-ல் கோனிக்ஸீயில் நால்வர் பட்டத்தைப் பங்குபோட்டவை. நாலு ஓட்டத்துக்கும் சேர்த்து நூறில் ஒரு வினாடிகூட வித்தியாசம் இல்லை. அந்தத் தடம் 2021 வெள்ளத்தில் உடைந்து போனது.

ஹாங்காங்கரை எழுதியது:

சமநிலை என்றதும் நான் எழுதியே ஆக வேண்டும். வேலைக்காகக் கொரியாவில் இருந்த காலத்தில்தான் 2018 பியோங்சாங் ஒலிம்பிக். பிப்ரவரி 19 இரவு, இருவர் பாப்ஸ்லெட் கடைசி ஓட்டங்கள். எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் ஃப்ரீட்ரிக்கைத் தெரியாது. எல்லோரும் வந்தது வோன் யுன்-ஜோங் என்ற கொரியருக்காக. அவர் ஆறாவது இடத்தோடு நின்றுவிட்டார். கூட்டம் கொஞ்சம் கலையவும் ஆரம்பித்தது.

நான் அப்படியே நின்றேன். குளிரில் ஃபோன் செத்துப்போயிருந்தது, வேறு வேலையும் இல்லை. ஃப்ரீட்ரிக்கும் தோர்ஸ்டன் மார்கிஸும் இறங்கி முதலிடத்துக்கு வந்து கீழே காத்திருந்தார்கள். கடைசியாக இறங்கியது கனடாவின் ஜஸ்டின் கிரிப்ஸ், அலெக்சாண்டர் கோபாச். திரையில் வித்தியாசம் ஏறி இறங்கி, கோட்டைத் தாண்டும்போது 0.00 என்று நின்றது. நாலு ஓட்டமும் சேர்த்து இருவருக்குமே 3 நிமிடம் 16.86 வினாடி. ஒரு நொடி ஒருத்தருக்கும் புரியவில்லை. அப்புறம் ஜெர்மன்காரர்கள் ஓடிப்போய் கனடாக்காரர்களைக் கட்டிக்கொண்டார்கள், இரண்டு ஜோடிக்கும் தங்கம். தோற்றவர் இல்லாத முடிவை அவ்வளவு பக்கத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 130 கிலோமீட்டர் வேகத்தில் நூறில் ஒரு வினாடி என்பது சுமார் 36 சென்டிமீட்டர். நாலு தடவை மலையிலிருந்து இறங்கியும் அந்த இடைவெளிகூட விழவில்லை.

இன்னொரு விசேஷம்: 1998 நகானோவிலும் இதே இருவர் போட்டியில் கனடாவும் இத்தாலியும் தங்கத்தைப் பங்குபோட்டன. அன்று கனடா ஸ்லெட்டை ஓட்டிய பியர் லூடர்ஸ், 2018-ல் கொரிய அணியின் பயிற்சியாளர்களில் ஒருவர்.

ஒரு வாரம் கழித்து நால்வரில் ஃப்ரீட்ரிக்குக்கு இரண்டாவது தங்கம். வோன் யுன்-ஜோங் அணிக்கும் ஜெர்மனியின் நிகோ வால்தர் அணிக்கும் வெள்ளியில் சமநிலை. எங்கள் அலுவலகத்தில் மறுநாள் வேலையே நடக்கவில்லை.

நேர்கோடு எழுதியது:

எல்லாம் சரி. ஜெர்மனியில் நாலு தடம் இருந்தது, ஸ்லெட் செய்து கொடுக்க பெர்லினில் அரசு உதவியில் தனி ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது. 2022 பெய்ஜிங்கில் இருவர் போட்டியின் மூன்று பதக்கமும் ஜெர்மனிக்கே போயின. மற்ற நாட்டுக்காரர் கடன் வாங்கி ஸ்லெட் வாங்குகிறார். இதில் ஒரு தனிமனிதரைத் தூக்கி வைத்துக் கொண்டாட என்ன இருக்கிறது? தென்காசிக்காரர் கேட்டது நியாயம்தான். எனக்கு ஐந்து வருஷம் ஒரே ஆள் ஜெயித்தாலே போர் அடிக்கிறது.

எல்பெக்கரை எழுதியது:

நேர்கோடு, நீங்கள் சொல்வதில் பாதி சரி. அந்த வசதி இல்லாமல் இந்தப் பதக்கங்கள் இல்லை. ஆனால் அதே தடம், அதே நிறுவனம் எல்லாம் இருந்தும் 2014 சோச்சியில் ஜெர்மன் பாப்ஸ்லெட் ஒரு பதக்கம்கூட இல்லாமல் திரும்பி வந்தது. ஃப்ரீட்ரிக்கும் அந்த அணியில் இருந்தவர்தான், அதுவும் உலகச் சாம்பியன் பட்டத்தோடு போனவர். இங்கே அப்போது நடந்த திட்டுக்கு அளவில்லை. தாத்தா இன்னும் அதை மறக்கவில்லை.

தூக்கி வைக்க வேண்டியவர்கள் ஸ்லெட்டைத் தள்ளிப் பின்னால் உட்காருகிறவர்கள் என்று சொல்லியிருந்தால் உடனே ஒப்புக்கொண்டிருப்பேன். இருவர் போட்டியில் ஆட்களோடு சேர்த்து ஸ்லெட் 390 கிலோவுக்கு மேல் போகக்கூடாது, வெறும் ஸ்லெட் 170-க்குக் குறையக்கூடாது. மிச்சம் ஆளுக்கு 110 கிலோ. அந்த எடையில் 50 மீட்டர் ஓட்டப் பந்தய வீரர் போலத் தள்ளிக்கொண்டு ஓடி உள்ளே குதிக்க வேண்டும். மார்கிஸ் பத்து தடகளப் போட்டிகள் சேர்ந்த டெகாத்லானிலிருந்து வந்தவர், 2018, 2022 ஒலிம்பிக்கில் இறங்கிய நாலு போட்டியிலும் தங்கம். 2018 நால்வர் அணியில் இருந்த மார்ட்டின் குரோட்காப் 400 மீட்டர் ஓடியவர். பெண்களில் அதே வருஷம் தங்கம் வென்ற மரியாமா யமான்கா பைலட்தான், அவரும் முன்பு பெர்லினில் சங்கிலிக்குண்டு எறிந்துகொண்டிருந்தவர். பைலட் பெயரைச் சொன்ன உலகம் பின்னால் குனிந்து உட்கார்ந்தவர்கள் பெயரைச் சொல்வதில்லை. பெய்ஜிங் தொடக்க விழாவில் பனிச்சறுக்கு ஓட்ட வீராங்கனை கிளாவ்டியா பெக்‌ஸ்டைனோடு கொடி பிடித்தவரும் ஃப்ரீட்ரிக்தான், மார்கிஸ் இல்லை.

கழுத்துவலி எழுதியது:

நேர்கோடுக்கு ஒரு சேதி, பணம் இருந்தால் எல்லாம் செய்யலாம் என்று விட்டுவிடவும் இல்லை. ஸ்லெட்டின் அடியில் பனியில் உரசும் இரும்புப் பட்டைகளான ரன்னர்களைத் தொடக்கத்துக்கு முன் வெப்பமானி வைத்துப் பார்ப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வெளியே தொங்கவிட்ட ஒரு ரன்னரைவிட 4 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் வெளியே போக வேண்டியதுதான். சூடான இரும்பு பனியில் வேகமாகப் போகும் என்பதால் இந்தக் கெடுபிடி. 1968-ல் இன்னொரு சறுக்கு விளையாட்டான லூஜில் கிழக்கு ஜெர்மனிப் பெண்களை இதே காரணம் சொல்லி வெளியேற்றினார்கள்.

தென்காசி அண்ணாச்சி, குளிர்காலத்தில் இந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கள். ஸ்லெட் பயணத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். முதுகு, கழுத்து, இதயத்தில் கோளாறு இருந்தால் ஏறவே வேண்டாம். காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள்.

தென்காசிக்காரன் எழுதியது:

வருகிறேன் தம்பி. ஆனால் நான் எல்பெக்கரை அக்கா சொன்ன அந்த வளைவில் நின்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் ஏறுங்கள்.