ஆட்டுக்கறிக் கூடத்தில் 100 வோல்ட்டுக்குக் கீழான மின்தூண்டல்: கூண்டு வேண்டுமா, வேண்டாமா?

கீழக்கரை_கறிவணிகர்:

கீழக்கரைக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையில் நாங்கள் சில வணிகர்கள் சேர்ந்து சிறிய ஆட்டுக்கறிக் கூடம் ஒன்றை அமைத்துவருகிறோம். அதில், அறுத்து இரத்தம் வடிந்தவுடன் ஆட்டின் உடலில் மின்துடிப்பைச் செலுத்தும் மின்தூண்டல் கருவியைப் பொருத்த எண்ணியிருக்கிறோம். இது ஆட்டை மயக்கும் கருவி அன்று. முறைப்படி அறுத்து முடித்த பிறகு, தசையில் மிஞ்சியிருக்கும் சக்தியை விரைவாகச் செலவழிக்கச் செய்து, குளிர் அறைக்குள் கறி சுருங்கி இறுகாமல் தடுப்பதே இதன் வேலை. வெளியூர் ஓட்டல்களுக்குக் குளிரூட்டி அனுப்பும் கறி வேக மறுக்கிறது, மென்றால் ரப்பராக இழுக்கிறது என்ற புகார் தொடர்ந்து வருவதால்தான் இந்த யோசனையே எழுந்தது.

நியூசிலாந்தின் ஆட்டுக்கறி ஆலைகளில் 1,130 வோல்ட் உச்ச அழுத்தத்தில், நொடிக்குப் பதினான்குக்குச் சற்று மேற்பட்ட துடிப்புகளாக, 90 நொடிகள் செலுத்தும் முறை இருந்தது. அதற்கு, ஆட்கள் நெருங்காதபடி சுற்றிலும் அடைத்த கூண்டு கட்டாயம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் பார்த்து வைத்திருப்பதோ 100 வோல்ட்டுக்கும் கீழே இயங்குவது. இதற்கு ரப்பர் கையுறை, கம்பூட், பயிற்சி பெற்ற ஓர் ஆள் ஆகியவை போதும் என்பது என் கருத்து. கூண்டு கட்டினால் இடமும் பணமும் போவதோடு, விடியற்காலை வேலையும் தாமதமாகும். மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

பாம்பன்_மின்வினைஞர்:

காக்கா (அண்ணா), வோல்ட் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்று உங்களை மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஆளைக் கொல்வது உடம்புக்குள் ஓடும் மின்னோட்டம். காய்ந்த தோலுக்குப் பல்லாயிரம் ஓம் தடை உண்டு. அறுப்புக் கூடத்தில் நிற்பவருடைய கையோ இரத்தத்திலும் தண்ணீரிலும் ஊறியிருக்கும். அப்போது கையிலிருந்து காலுக்கு உள்ள தடை ஏறத்தாழ 1,000 ஓமுக்கு இறங்கிவிடும். 80 வோல்ட்டை அதனால் வகுத்தால் 80 மில்லியாம்பியர். 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தில் 10 மில்லியாம்பியரைத் தாண்டினாலே தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். 30 மில்லியாம்பியருக்கு மேற்பட்டது சில நொடிகள் நீடித்தால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஆபத்து தொடங்குகிறது.

மின்கசிவைக் கண்டால் தானே துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச்சைப் போட்டால் விழுந்துவிடுமே என்று யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். இத்தகைய கருவிகளில் மின்சாரம் தனிப்பிரிப்பு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக, அதாவது மெயினோடு நேரடிக் கம்பித் தொடர்பு இல்லாமல், வருகிறது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்றுதான் ஆர்சிசிபி பார்க்கும். டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கத்தில் ஒருவருடைய உடம்பு வழியாக மின்னோட்டம் ஓடினாலும் இந்தப் பக்கத்தில் கணக்கு சரியாகவே இருக்கும், சுவிட்ச் விழாது.

தனிப்பிரிப்பு இருந்தால் ஒரு முனையைத் தொட்டாலும் ஒன்றும் ஆகாது என்பது பாடப்புத்தகத்தில் சரி. ஆனால் ஆடு எதில் தொங்குகிறது? இரும்புக் கொக்கியில். கொக்கி மேல் ரயிலில் ஓடுகிறது, ரயில் கட்டடத்தோடும் எர்த்தோடும் சேர்ந்திருக்கிறது. ஆட்டின் ஈர உடம்பு வழியாகச் சுற்றின் ஒரு பக்கம் எர்த் ஆகிவிட்ட பிறகு, ஈரத் தரையில் நிற்பவர், ஆட்டுக்கு மின்சாரம் செலுத்தும் மற்றொரு கிளிப்பைத் தொட்டால் சுற்று அவர் வழியாக முழுமையாகிறது.

ஏர்வாடி_கூடப்_பொறுப்பாளர்:

வளைகுடா நாடு ஒன்றின் அறுப்புக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் கீழக்கரை வணிகரின் பக்கம் நிற்கிறேன். மின்வினைஞர் சொன்ன கணக்கு தொடர்ந்து ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு உரியது. இந்தக் கருவி தருவது சில மில்லிநொடித் துடிப்புகள். துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி இருக்கிறது, மின்னோட்டத்துக்கு வரம்பும் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் மனம் நொந்துதான் சொல்கிறேன். கூண்டு போட்ட இடங்களில், கதவு திறந்தால் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய லிமிட் சுவிட்ச்சைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டி வைத்திருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வரிசை நிற்கக் கூடாது என்பதற்காக வேலையாட்களே அப்படிச் செய்கிறார்கள். கூண்டு இருக்கிறது என்ற நம்பிக்கையில் உள்ளே கை நீட்டுபவரை விட, பாதுகாப்பு ஏதும் இல்லை என்று தெரிந்து எச்சரிக்கையாக நிற்பவரே மேல். அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் மின்சாரம் தரும் பொத்தானை, இரண்டு கைகளும் வேண்டியிருக்கும்படி, ஆட்டிலிருந்து எட்டத்தில் வைத்தால் போதும்.

பாம்பன்_மின்வினைஞர்:

அந்தப் பொத்தான் வேண்டியதுதான், ஐயா. ஆனால் அது பொத்தானைப் பிடித்திருப்பவரை மட்டுமே காக்கிறது. ஆட்டின் அந்தப் பக்கத்தில் கத்தியோடு நிற்பவரைக் காப்பதில்லை.

துடிப்பின் இடைவெளியை நம்பி உயிரைப் பணயம் வைக்க முடியாது. மின்னோட்ட வரம்பு என்பது ஆட்டுக்கு வைத்த வரம்பு. தசையைச் சுருக்க ஓர் ஆட்டுக்குச் சில நூறு மில்லியாம்பியர் போக வேண்டியிருப்பதால், கருவி அதற்கு மேல்தான் தடுக்கும். மனிதருக்கு ஆபத்து அதற்கு மிகவும் கீழேயே தொடங்கிவிடுகிறது.

கட்டுக்கம்பிக்கு வருவோம். விரலால் அழுத்தினால் ஏமாறும் சுவிட்ச்சைப் போட்டால் கட்டத்தான் செய்வார்கள். கூண்டுக் கதவின் பூட்டுக்கும் கருவியின் மெயின் சுவிட்ச்சுக்கும் ஒரே சாவி இருக்கும்படி அமைக்கலாம். சுவிட்ச்சை அணைத்தால்தான் சாவி வெளியே வரும். அந்தச் சாவியால்தான் கதவு திறக்கும். கதவு திறந்திருக்கும் வரை சாவி கதவிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். இதைக் கம்பியால் ஏமாற்ற முடியாது.

தொண்டி_கால்நடை_மருத்துவர்:

இருவரும் விட்டுவிட்ட கேள்வி, இந்தக் கருவி எந்த இடத்தில் நிற்கப்போகிறது என்பது. உயர் அழுத்தம் தசையை நேரடியாகச் சுருக்குவதால், அறுத்து அரை மணி நேரம் கழித்து, தோல் உரித்து முடித்த பிறகு, தனியிடத்தில் கொடுத்தாலும் பலன் தரும். குறைந்த அழுத்தம் நரம்பின் வழியாகவே வேலை செய்கிறது; அறுத்த சில நிமிடங்களில் நரம்பு செயலிழந்துவிடும். ஆகையால் வணிகர் வாங்க நினைக்கும் வகையை இரத்தம் வடியும் இடத்திலேயே வைத்தாக வேண்டும். கூடத்தில் அதிக ஈரமும், அதிகக் கத்தியும், அதிக ஆட்களும் உள்ள இடம் அதுவே. அழுத்தம் குறைந்ததால் ஆபத்து குறைந்தது என்று கொள்வது இங்கே பொருந்தாது.

மின்துடிப்பு தொடங்கிய நொடியில் ஆட்டின் முன்னங்கால்கள் விறைத்து உதறும், கழுத்து பின்னோக்கி வளையும், முழு உடலும் கொக்கியில் ஆடும். கைக்கெட்டும் தூரத்தில் கத்தி பிடித்திருப்பவருக்கு மின்சாரமே பாயாவிட்டாலும், அந்த உதையில் கத்தி அவர் மேலேயே பாயலாம்.

இந்தக் கருவி வேண்டுமா என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. கறியின் அமிலநிலை எண் (pH) 6.0-க்குக் கீழே இறங்குவதற்கு முன் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போனால் தசை சுருங்கி இறுகும். குளிரில் தசை இப்படிச் சுருங்குவதை 1963-இல் நியூசிலாந்தில் லாக்கர், ஹேகியார்ட் என்ற ஆய்வாளர்கள் மாட்டுத்தசையில் விளக்கினார்கள். நம் வெள்ளாடும், ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறியும் உரித்தால் சிறிய உடல், மேலே கொழுப்புப் போர்வையும் குறைவு. கடும் குளிரில் வைத்தால் வெகு விரைவில் குளிர்ந்துவிடும். விடியற்காலையில் அறுத்து அன்றே விற்றுத் தீரும் கறிக்கு இந்தச் சிக்கலே கிடையாது. குளிரூட்டி அனுப்புவதற்கும், முதல் சில மணி நேரம் 15 டிகிரி அளவில் வைத்து, பிறகு குளிரைக் கூட்டலாமே?

கீழக்கரை_கறிவணிகர்:

மருத்துவர் ஐயா, அந்த வழியை யோசிக்காமல் இல்லை. 15 டிகிரியில் பல மணி நேரம் வைத்திருக்கத் தனி அறை வேண்டும், அந்த நேரமெல்லாம் மேற்பரப்பில் கிருமி பெருகும் அச்சமும் இருக்கிறது. இரவு வண்டி ஏற வேண்டிய கறி மதியத்துக்குள் முழுக் குளிருக்குப் போயாக வேண்டும். மின்தூண்டல் அந்தக் காத்திருப்பை வெகுவாகக் குறைக்கிறது என்பதால், கருவி வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

கத்தி பற்றிச் சொன்னது நியாயம். கருவி இருக்கும் இடத்தைக் கத்தி வேலையிலிருந்து பிரித்து, இரத்தம் வடிந்த ஆட்டை ரயிலில் சில அடி தள்ளிக்கொண்டுபோய் அங்கே மின்துடிப்பு கொடுக்கலாம். ஆனால் நான்கு பக்கமும் அடைத்த கூண்டுதானா? மூன்று பக்கத் தடுப்பும் எச்சரிக்கை விளக்கும் போதாதா?

பாம்பன்_மின்வினைஞர்:

போதாது, காக்கா. திறந்திருக்கும் நான்காவது பக்கத்தில்தான் கழுவுகிறவர் நிற்பார்.

நம் கரையின் நிலைமையையும் சேர்த்துப் பாருங்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாம்பனிலும் மண்டபத்திலும் ஒரு மின்பெட்டியைத் திறந்தால், செம்பு முனைகளில் பச்சை பூத்திருக்கும், போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொருக்குப் படிந்திருக்கும். எர்த் கம்பி பார்வைக்குக் கட்டியபடியே இருக்கும். ஸ்பேனரை வைத்துத் திருப்பினால் போல்ட் பொடிந்து கையோடு வரும். காப்புப் பீங்கானின் மேல் படிந்த உப்பு, விடியற்காலைப் பனியில் நனைந்தால் மின்சாரத்துக்குப் பாதையாகிவிடும். நீங்கள் கருவியை ஓட்டப்போவதும் அதே விடியற்காலையில்தான். எர்த் குழியைப் பொறுத்தவரை, உவர் நிலத்தில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் (ஜிஐ) சீக்கிரம் அரித்துப்போகும், வெறும் கடல் மணலிலோ கோடையில் தடை ஏறிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை அளந்தால் போதும் என்று உள்நாட்டில் சொல்வது இங்கே பொருந்தாது. ரப்பர் கையுறையும் அப்படித்தான்: கத்தி வேலை நடக்கும் இடத்தில் ஊசித் துளை விழுந்த கையுறைக்குள் இரத்தம் புகுந்துவிட்டால், அது கையுறை இல்லாததற்குச் சமம்.

மிகப் பெரிய ஆபத்து வேலை முடிந்த பிறகு வருகிறது. கிளிப்பில் கொழுப்பும் இரத்தமும் காய்ந்து ஒட்டியிருக்கும். அதைத் தேய்த்துக் கழுவ வருபவர் பெரும்பாலும் கருவியை ஓட்டியவர் அல்லர். பயிற்சி பெறாத, தண்ணீர்க் குழாய் பிடித்த ஒருவர். பொத்தானை அணைத்திருப்பார்கள், மெயினை அணைத்திருக்க மாட்டார்கள். சில கருவிகளில் அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். எனவே மெயினை அணைத்துப் பூட்டி, தயாரிப்பாளர் குறித்துள்ள நேரம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கிளிப்பில் கை வைக்க வேண்டும்.

ஏர்வாடி_கூடப்_பொறுப்பாளர்:

கழுவும் நேரத்தைப் பற்றிச் சொன்னதை மறுக்க மாட்டேன். அதற்கு நான்கு பக்கமும் அடைத்த கூண்டும் ஒரே சாவியும் சரி. ஆனால் ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குவதற்கு முன், ஆடு இல்லாமல் கருவியை ஓடவிட்டுக் கதவுப் பூட்டைச் சோதித்து, சிவப்பு அவசரப் பொத்தானை அழுத்திப் பார்த்து, ஏட்டில் கையெழுத்திட ஒருவரை நியமிக்காவிட்டால் எந்தக் கூண்டும் பயன்படாது.

ஒருவரை மின்சாரம் பிடித்துக்கொண்டால் வெறுங்கையால் இழுக்கக் கூடாது, முதலில் மெயினை அணைக்க வேண்டும், மூச்சும் நாடியும் இல்லையென்றால் 108-ஐ அழைத்த கையோடு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்க வேண்டும் என்பதைக் கூடத்தில் உள்ள எல்லோரும் செய்து பழக வேண்டும். கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரம் வரை இதயம் காத்திருக்காது. சாவி மட்டும் பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எல்லோர் கையிலும் போனால் ஒழுங்கு கெடும்.

கீழக்கரை_கறிவணிகர்:

கூண்டுக்கான இடத்தை வரைபடத்தில் ஒதுக்கச் சொல்லிவிட்டேன். கருவியும் கூண்டும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் வழியாகவே வரும். சாவி பொறுப்பாளரிடம் இருப்பதே எனக்கும் சரியாகப் படுகிறது.

பாம்பன்_மின்வினைஞர்:

இதில் மட்டும் உங்கள் இருவரோடும் ஒத்துப்போக முடியவில்லை. பொறுப்பாளர் தொழுகைக்கோ தேநீருக்கோ போயிருக்கும்போது, உள்ளே ஒருவர் குனிந்து கிளிப்பைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அவர் உள்ளே இருக்கும்வரை கருவி உயிர்பெறாது என்ற உறுதி வேறொருவர் சட்டைப்பையில் இருக்கக் கூடாது. கதவில் மாட்டிய சாவிக்கு மேல், கழுவுகிறவர் தமக்கென்று ஒரு பூட்டை மெயின் சுவிட்ச்சில் போட்டு, அதன் சாவியைத் தம் அரைஞாணிலேயே கட்டிக்கொண்டு உள்ளே போகட்டும். மாற்றுச் சாவி பொறுப்பாளரிடமும் இருக்க வேண்டாம், முதலாளியிடமும் இருக்க வேண்டாம்.