பெயர்த்தகடு இல்லாத என்லார்ஜர்: எந்த நாட்டுப் பொருள், வாங்கலாமா?

தெம்பனிஸ்வாசி:
வணக்கம். மூடப்பட்ட ஸ்டுடியோ ஒன்றின் சாமான்களோடு ஒரு என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் படம் போடும் கருவி) விற்பனைக்கு வந்திருக்கிறது. பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு துளைகள்தான் மிச்சம். கண்டன்சர்கள் (விளக்கின் ஒளியை நெகட்டிவ் மேல் சமமாகப் பரப்பும் கண்ணாடிகள்) இரண்டு, விட்டம் 95 மி.மீ. லென்ஸ் நிக்கானின் எல்-நிக்கோர் 75 மி.மீ., எஃப் 4. பல்பு ஹோல்டரில் 100 வோல்ட், 150 வாட் என்று இருக்கிறது. தட்டையான இரண்டு கால் பிளக். நெகட்டிவைப் பிடித்துவைக்கும் சட்டமான கேரியர் இல்லை. லென்ஸுக்குள் வெள்ளை நூல் போல ஏதோ தெரிகிறது. 35 மி.மீ., 6×6 (செ.மீ.) ஃபிலிம் இரண்டிலும் பிரிண்ட் போட வேண்டும். இது யார் தயாரிப்பு, வாங்கலாமா, நம் சிங்கப்பூரின் 230 வோல்ட்டில் எப்படி ஓட்டுவது?

குவிதூரம்50:
100 வோல்ட் என்றாலே ஜப்பான்தான். அமெரிக்க இயந்திரமாக இருந்தால் 120 வோல்ட் போட்டிருக்கும், பிஎச்211 (75 வாட்) அல்லது பிஎச்212 (150 வாட்) பல்பு கேட்டிருக்கும். பிளக்கிலும் ஹோல்டரிலும் தலைகீழ் முக்கோணத்துக்குள் ஒரு குறி இருக்கிறதா பாருங்கள். 2001இல் பிஎஸ்இ என்ற மின்பாதுகாப்பு முத்திரை வருவதற்கு முன் ஜப்பான் மின்பொருள்களில் அதுதான் வந்தது.

லென்ஸை வைத்து இயந்திரத்தை அடையாளம் காணாதீர்கள். அது 39 மி.மீ. மரை, அங்குலத்துக்கு 26 சுற்று. லக்கி, எல்பிஎல், ஃபூஜி என்று ஜப்பான் என்லார்ஜர்கள் எல்லாவற்றிலும் எல்-நிக்கோர் ஏறும், ஐரோப்பிய இயந்திரங்களிலும் ஏறும். கம்பெனியைக் காட்டிக்கொடுப்பது லென்ஸ் பலகையின் வடிவமும் கேரியர் நுழையும் வாயின் அகலமும்தான். விளக்குக்கூட்டின் உட்புறம், அடிப்பலகையின் அடிப்புறம் இரண்டையும் பாருங்கள். ஒட்டுத்தாளோ வார்ப்பு எண்ணோ பெரும்பாலும் அங்கே தப்பிப் பிழைத்திருக்கும்.

எந்த அளவு நெகட்டிவுக்கானது என்பதைக் கண்டன்சரே சொல்லிவிடும். அதன் விட்டம் நெகட்டிவின் மூலைவிட்டத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 35 மி.மீ.க்கு 43, 6×6க்கு 79, 6×7க்கு 90, 6×9க்கு 101 மி.மீ. ஆக உங்களுடையது 6×7 இயந்திரம். ஆனால் 75 மி.மீ. லென்ஸ் 6×6 வரைக்கும்தான். 6×7 போட்டால் மூலைகளில் வெளிச்சம் குறைந்து தாளில் வெளிறும், கூர்மையும் போகும்.

விலை பேசுமுன் தலையைத் தூணின் உச்சிக்கு ஏற்றி, விரலால் லேசாகத் தட்டுங்கள். ஆட்டம் இரண்டு விநாடிக்குள் அடங்க வேண்டும். பிடிமானம் தேய்ந்து ஆடுகிற தூணுக்கு மருந்தில்லை, அதை விட்டுவிடுங்கள். கேரியர் இல்லாததற்காக மட்டும் விட வேண்டாம்.

பழையவயர்:
மின்சாரம் பற்றி மட்டும் சொல்கிறேன். 100 வோல்ட் பல்பை 230இல் போட்டால் சக்தி பல மடங்கு ஏறும், அந்த நொடியே எரிந்துபோகும். அடாப்டர் மாட்டி "சும்மா பார்க்கிறேன்" என்று விற்பவரைக்கூட விடாதீர்கள்.

வழி ஒன்று, வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். 150 வாட் பல்புக்குக் குறைந்தது 300 விஏ (வோல்ட்-ஆம்பியர்), ஏனென்றால் குளிர்ந்த இழை எரியத் தொடங்கும்போது பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். மின்னணுச் சாமான் கடைகள் உள்ள சிம் லிம் டவர் பக்கம் கேட்கும்போது 100 வோல்ட் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். 110ஐக் கொடுப்பார்கள். அதில் பல்பின் ஆயுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். சிறிய ஸ்டெப்-டவுன் பெட்டிகள் பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், அதாவது மெயினிலிருந்து பிரித்துவைக்காது. ஈரக் கையோடு உலோக உடலைத் தொடும் இடம் இது. உடலுக்கு எர்த் கட்டாயம்.

வழி இரண்டு, ஹோல்டரையும் வயரையும் சுவிட்சையும் முழுதாக மாற்றி 230 வோல்ட் ஓபல் (பால் வெள்ளைக் கண்ணாடி) பல்பு போடுவது. எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. பீங்கான் இ27 (திருகு) ஹோல்டர், வெப்பம் தாங்கும் மூன்று இழை வயர், 13 ஆம்பியர் பிளக்கில் 3 ஆம்பியர் ஃபியூஸ். புது ஹோல்டரில் பல்பின் உயரம் பழைய உயரமாகவே இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் மாறினாலும் கண்டன்சர் வெளிச்சத்தைச் சமமாகப் பரப்பாது, நடுவில் பளிச்சென்று ஒரு வட்டம் விழும்.

வயர் நிறத்தை நம்பாதீர்கள். பழைய பிரிட்டிஷ் முறையில் கறுப்பு நியூட்ரல், அமெரிக்க முறையில் கறுப்புதான் லைவ். ஜப்பான் வயரில் இரண்டும் ஒரே நிறமாக இருக்கலாம். மீட்டர் வைத்துப் பாருங்கள், பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

கூடவே மோட்டார் டைமர் வந்தால் இன்னொரு சிக்கல். 60 ஹெர்ட்ஸ் மட்டும் என்று இருந்தால் நம் 50 ஹெர்ட்ஸில் அது மெதுவாக ஓடும். 60 விநாடி வைத்தால் 72 விநாடி எரியும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது.

வெள்ளித்துகள்:
அந்த வெள்ளை நூல் பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்தில் பெட்டிக்குள் மூடிவைத்த லென்ஸுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். டார்ச்சைப் பின்னாலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். கிளை கிளையாக ஓடினால் பூஞ்சை, முழுதும் மங்கலாக இருந்தால் எண்ணெய்ப் படலம், ஓரத்தில் வானவில் நிறத்தில் திட்டு இருந்தால் ஒட்டுப்பசை பிரிகிறது. முதலிரண்டையும் துடைக்கலாம். மூன்றாவதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

என்லார்ஜரில் பூஞ்சை படத்தில் புள்ளியாக விழாது, ஒளியைச் சிதறடிக்கும். நெகட்டிவில் தெளிவாக உள்ள நிழற்பகுதியின் வெளிச்சம் அடர்ந்த பகுதிக்குள் கசியும், அதனால் தாளில் வெள்ளைச் சட்டை சாம்பலாகிவிடும். பலர் இதைக் கான்ட்ராஸ்ட் குறை என்று நினைத்து கான்ட்ராஸ்டைக் கூட்டும் ஃபில்டரை ஏற்றிக்கொண்டே போவார்கள்.

3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடைத் துணியில் தொட்டு ஒரு நிமிடம் ஒற்றுங்கள், பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். திரவத்தை நேராக ஊற்ற வேண்டாம். பூச்சை அரித்த தடம் மிஞ்சலாம், மெல்லிய தடம் பெரிதாகக் கெடுக்காது. கண்டன்சரையும் கழற்றிக் கழுவுங்கள். எந்த முகம் எந்தப் பக்கம் என்று முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக இரண்டின் குவிந்த முகங்களும் ஒன்றையொன்று பார்க்கும்.

இந்த 75 எஃப் 4, நான்கு கண்ணாடி லென்ஸ். எஃப் 8க்கு மூடினால் 6×6க்கு நல்லது. வாய்த்தால் ஆறு கண்ணாடி உள்ள எல்-நிக்கோர் 80 மி.மீ. எஃப் 5.6 வாங்குங்கள். ஜெர்மன் கம்பெனி ஷ்னைடரின் லென்ஸ்களில் கம்போனார் மூன்று கண்ணாடி, கம்பரான் நான்கு, கம்போனான் ஆறு. பெயர்கள் ஒலியில் நெருக்கம், தரத்தில் இல்லை, அறிவிப்பை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

தெம்பனிஸ்வாசி:
மிக்க நன்றி. 35 மி.மீ.யையும் 75 லென்ஸிலேயே போட முடியாதா? கேரியரை எப்படிச் செய்வது?

குவிதூரம்50:
போடலாம், தூண் உயரம் போதுமென்றால். 8 மடங்கு பெரிதாக்க லென்ஸிலிருந்து தாள் வரை 75 மி.மீ. லென்ஸுக்கு 675 மி.மீ. வேண்டும், 50 மி.மீ. லென்ஸுக்கு 450 போதும். ஆனால் 50 போட்டால் நெகட்டிவுக்கும் லென்ஸுக்கும் இடைவெளி 56 மி.மீ.யாகக் குறுகும். துருத்தி (நெகட்டிவுக்கும் லென்ஸுக்கும் நடுவிலுள்ள மடிப்புக் குழாய்) அவ்வளவு மடங்கவில்லை என்றால் உள்வாங்கிய லென்ஸ் பலகை தேடுங்கள்.

கேரியருக்கு 1.5 மி.மீ. அலுமினியத் தகடு இரண்டு. வாயின் அகலத்துக்கு வெட்டி, ஒரு விளிம்பில் துணி டேப்பால் கீல் போல ஒட்டுங்கள். சாளரம் 35 மி.மீ.க்கு 24×36, 6×6க்கு 56×56. விளிம்பை மழுக்கி, மட்டமான கறுப்பு பெயின்ட் அடியுங்கள். பளபளத்தால் படத்தின் ஓரம் கருக்கும். சாளரம் சரியாக நடுவில் இருக்கட்டும்.

அப்புறம் துருத்தி. இருட்டில் லென்ஸை மூடி விளக்கைப் போடுங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிகிற மடிப்பில் உட்புறமாகக் கறுப்புத் துணி டேப். கடைசியாக அடிப்பலகை, கேரியர் மேடை, லென்ஸ் பலகை மூன்றிலும் ரசமட்டம் வையுங்கள், மூன்றும் ஒரே அளவு காட்ட வேண்டும். கருத்த ஃபிலிமில் ஊசியால் ஒரு பெருக்கல் குறி கீறி, லென்ஸை முழுதும் திறந்து, நான்கு மூலையும் ஒன்றாகக் கூர்மையாகிறதா பாருங்கள்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் பாம் ஷெல்டர் என்ற பாதுகாப்பு அறையில் வைப்பதாக இருந்தால் சுவரில் துளை போடாமல் கனமான மேசையில் நிறுத்துங்கள். லென்ஸை அதிலேயே மாட்டி விடாதீர்கள், வேலை முடிந்ததும் 45 விழுக்காடு ஈரப்பதத்தில் ட்ரை கேபினெட்டுக்கு (ஈரத்தைக் குறைத்துவைக்கும் அலமாரி) போகட்டும்.