புதுப்பிப்பு: மட்டக்களப்பு பறப்பு நாள் பாதிதான் நடந்தது

மாணவர்களைச் சின்ன விமானத்தில் ஏற்றிக் காட்டப் போகிறார்கள், மாரி மழைக்குள் இது சரிவருமா என்று போன கிழமை கேட்டிருந்தேன். காலையில் வானம் வெளித்துத்தான் இருந்தது, முதல் குழு செஸ்னா என்ற அந்தச் சின்ன விமானத்தில் ஏறி வாவியையும் கல்லடிப் பாலத்தையும் மேலே நின்று பார்த்துவிட்டு இறங்கியது, அப்புறம் கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்த மழையில் ஓடுபாதையின் மறுமுனையே தெரியவில்லை. கண்ணால் பார்த்து ஓட்டும் பறப்புக்குப் பொதுவாக 5 கிலோமீற்றராவது தெளிவாகத் தெரிய வேண்டும், முகிலுக்கு மேலோ கீழோ 1000 அடி இடைவெளியும் வேண்டும். விமானி மாட்டேன் என்றது சரிதான்.

காத்திருந்த நேரம் வீண்போகவில்லை. தாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் எரிபொருள் வடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்தார்கள். அது நீல நிறப் பெற்றோல், தண்ணீர் கலந்திருந்தால் அந்தத் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். மகள் பறக்காத கவலையை அதிலேயே மறந்துவிட்டாள்.

ஒரு குறை: கல்முனையிலிருந்து பஸ் ஏறி வந்த பிள்ளைகளுக்கு நேரத்தோடு சொல்லியிருக்கலாம். மிச்சப் பேருக்கு மாசிக்குப் பிறகு திகதி தருவார்களாம். போன கிழமை நான் கேட்டதற்குக் குடை கொண்டுபோகச் சொன்ன அண்ணா, அந்தக் காற்றில் குடை நிற்கவில்லை.