மறு: [கலைச்சொல்] நொதிதூண்டிக்கு ஒரு பேச்சுச்சொல்: மருந்துமுறி?

குழுவினருக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. நடுவில் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: சென்னையில் ஒரு நரம்பியல் புறநோயாளர் பிரிவில் கொடுப்பதற்காக, வலிப்பு நோய்க்கு மருந்து எடுக்கும் பெண்களுக்குத் துண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் ஒரு வகை மருந்துகளுக்குப் பெயர் தேவைப்படுகிறது; நூல்களில் நொதிதூண்டி என்கிறார்கள், நான் மருந்துமுறி என்று முன்மொழிந்தேன். ஃபெனிடாயின், கார்பமாசிபைன், ஃபினோபார்பிடால் ஆகிய வலிப்பு மருந்துகள் மூன்றும் கல்லீரலில் சில நொதிகளைக் கூடுதலாக உண்டாக்கும். அந்த நொதிகள் கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோன்களை வேகமாக உடைத்து வெளியேற்றிவிடும். ஒரு நாள்கூடத் தவறாமல் மாத்திரை போட்டவளுக்கும் நாள் தள்ளிப்போவது இதனால்தான்.

> நொதிதூண்டி என்ற நல்ல சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? நொதி பள்ளிப் பாடநூலிலேயே வந்துவிட்டதே.

ஐயா, மறுக்கவில்லை. மருந்தியல் நூலுக்குத் தூண்டி, தடுப்பி என்ற இணை வேண்டும். அதில் யாரும் கை வைக்கப்போவதில்லை. ஆனால் துண்டறிக்கையில் "இது நொதிதூண்டி" என்று போட்டால் படிப்பவளுக்கு எது கெடுகிறது என்று தெரியாது. பசியைத் தூண்டும் டானிக் விளம்பரம் கேட்டு வளர்ந்த ஊர் இது. தூண்டுகிறது என்றால் நல்லதுதானே என்றுதான் எடுத்துக்கொள்வாள்.

படிக்கப்போகிறவள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு பெண் கைப்பையைத் திறந்து கால்சியம் மாத்திரை டப்பா ஒன்றை எடுத்தாள். உள்ளே கார்பமாசிபைன். அட்டையிலிருந்து பிதுக்கி, பெயர் தெரியாமல் டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறாள். "மாமியாருக்குத் தெரியாது மேடம்." சுகாதார நிலையத்தில் நர்ஸ் அக்கா "வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறியாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "சத்து மாத்திரைதாங்க்கா" என்று சொல்லிவிட்டு மாலா-என் கருத்தடை மாத்திரை வாங்கி வந்திருக்கிறாள். நர்ஸ் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார், அவர்மீது குறை இல்லை. இந்து திருமணச் சட்டத்தில் 1976 திருத்தத்தின்போது திருமணத்துக்குத் தடையாகச் சேர்த்த வலிப்பு என்ற சொல்லை 1999 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தி இன்னும் பல வீட்டு வாசலைத் தாண்டவில்லை. ஆகவே வீட்டில் யாரையும் கேட்காமல், தானே படித்தவுடன் புரியும் சொல்லாக இருக்க வேண்டும்.

> வினையூக்கி போல, சிதைவூக்கி என்று வைக்கலாமே?

அமைப்பு அழகு. ஆனால் கருத்தடை பற்றிய பக்கத்தில் "சிதைவு" என்று வந்தால் கண் அடுத்த எழுத்துக்குப் போகாது, நேரே கருச்சிதைவில் போய் நிற்கும். பயந்து வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்திவிட்டால் வலிப்பு அடுக்கடுக்காக வந்து உயிருக்கே ஆபத்தாகும். அந்த ஒரு காரணத்துக்காகவே இதை வேண்டாம் என்கிறேன்.

மருந்துமுறி என்று நான் சொன்னதற்கு வருகிறேன். நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்களிடம் "அகத்திக்கீரை சேக்காதே, மருந்து முறிஞ்சிரும்" என்று சொல்வதைக் கேட்காதவர் இங்கே குறைவு. கீரை உண்மையில் முறிக்கிறதா என்பது வேறு வழக்கு. சித்த மருத்துவ நண்பர்கள் அதைத் தனியாக நடத்தட்டும். உள்ளே போன ஒன்று, உள்ளே போன இன்னொன்றின் வேலையைக் கெடுக்கும் என்ற எண்ணமும் அதற்கான வினைச்சொல்லும் நம் மக்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. எனக்கு அது போதும். நஞ்சை முறிப்பது நச்சுமுறி, மருந்தை முறிப்பது மருந்துமுறி. நடக்கும் செயல் மருந்துமுறிவு. நொதி செய்வதும் மூலக்கூறை உடைப்பதுதானே, வேதியியலும் கோபித்துக்கொள்ளாது.

முறிப்பான் என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். தெளிப்பான், அழிப்பான் வரிசையில் சரிதான். ஆனால் காசிமேட்டுப் பக்கம் போய் "முறிப்பான்" என்றால், யார், யாருடைய கையை என்று கேட்பார்கள்.

யாழ்ப்பாணத்து அண்ணனின் தடை மட்டும் கொஞ்சம் யோசிக்க வைத்தது:

> எங்கட பக்கம் பிணைமுறி, திறைசேரி முறி எண்டெல்லாம் சொல்லுறம். மருந்துமுறி எண்டால் டொக்டர் எழுதித் தாற துண்டு எண்டு நினைப்பினம்.

கடன் பத்திரத்தைக் கடன்முறி என்பது இங்கேயும் பழைய வழக்குதான். சென்னையில் இப்போது காகிதத்தை முறி என்று சொல்பவர் இல்லை, மருத்துவர் எழுதுவதும் மருந்துச்சீட்டு என்று நிலைத்துவிட்டது. எனவே இந்தத் துண்டறிக்கைக்கு இடைஞ்சல் இல்லை. ஈழத்தில் பயன்படுத்துவதானால் "மருந்துமுறிக்கும் மருந்து" என்று விரித்துக்கொள்ளலாம், அண்ணன் சம்மதித்தால்.

"கருத்தடைமுறி" என்று குறுக்கலாமா என்ற கேள்விக்கு மருந்தாளுநர் தம்பி நல்ல பதில் போட்டிருந்தார். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும் இதே வேலையைச் செய்கிறது, அதுவும் வலுவாகவே. சேத்துப்பட்டுக் காசநோய் ஆய்வு நிலையத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதை விட்டுவிட மனம் வராது. மேலும் முறிபடுவது கருத்தடை மாத்திரை மட்டுமல்ல. லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்தை எடுக்கும் பெண்ணுக்குக் கதை தலைகீழ்: மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன்தான் மருந்துமுறி, லாமோட்ரிஜின்தான் முறிபடுவது. இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக்கூட இறங்கும், வலிப்பு திரும்பும். மாலா-என் அட்டையில் ஹார்மோன் உள்ள 21 வெள்ளை மாத்திரை, இரும்புச்சத்து மட்டும் உள்ள 7 பழுப்பு மாத்திரை. பழுப்பு வரிசைக்கு வந்ததும் முறிவு தளர்ந்து லாமோட்ரிஜின் மேலே ஏறும், சிலருக்குத் தலைசுற்றும். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் பெருகும்போதும் அதே முறிவுதான். அளவைக் கூட்ட வேண்டி வரும். எது எதை முறிக்கிறது என்று இரண்டு பக்கமும் சொல்ல இந்தச் சொல் இடம் கொடுக்கிறது. நொதிதூண்டியால் இதை ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள்.

> குழந்தையில்லை என்று வருகிறவர்களே அதிகம். கருத்தடைக்கு இத்தனை இடம் ஏன்?

இரண்டும் வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1998-இல் தொடங்கிய வலிப்பு-கர்ப்பப் பதிவேட்டிலிருந்து வந்த ஆய்வில், 100-க்கு 38 பேர் கருவுறவில்லை. மருந்துகளின் எண்ணிக்கை கூடினால் அதுவும் கூடியது. அமெரிக்காவில் 2018-இல் வெளியான ஆய்விலோ, முன்பே கருவுறாமைக் குறை கண்டறியப்படாத பெண்களைப் பார்த்தார்கள். வலிப்பு உள்ளவர், இல்லாதவர் இரு சாராரிலும் 100-க்கு 60 பேர் கருவுற்றார்கள். "ஃபிட்ஸ் இருந்தா புள்ள நிக்காது" என்று நம்பித் தடையின்றி இருந்துவிடும் பெண்ணுக்குத்தான் நம் பக்கம் முதலில் போய்ச் சேர வேண்டும்.

துண்டறிக்கைக்கு என் வரைவு:

"நீங்கள் எடுக்கும் ஃபிட்ஸ் மாத்திரை மருந்துமுறி வகையைச் சேர்ந்தது. மாலா-என், மாலா-டி போன்ற கருத்தடை மாத்திரைகளின் வலுவை இது முறிக்கும். காப்பர்-டியையும் மூன்று மாத ஊசியையும் முறிக்காது. டாக்டர் ஃபிட்ஸ் மாத்திரையை மாற்றிக் கொடுத்தாலும் நான்கு வாரம் வரை முறிவு இருக்கும். நீங்களாக ஃபிட்ஸ் மாத்திரையை நிறுத்த வேண்டாம்."

டோபிரமேட் என்ற வலிப்பு மருந்தையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பதானால் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் என்ற குறிப்போடு சேர்க்க வேண்டும்.

எனக்கு இன்னும் உறுத்துவது வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து. அது மருந்துமுறி அல்ல, கருத்தடை மாத்திரையோடு ஒத்துப்போகும். "அப்போ என் மாத்திரை நல்ல மாத்திரை" என்று நினைத்துவிடுவாள். ஆனால் கருவிலுள்ள பிள்ளைக்கு இந்தக் கூட்டத்திலேயே மிகுந்த கேடு செய்வது அதுதான். பொதுவாகப் பிறக்கும் 100 குழந்தைகளில் இரண்டு மூன்றுக்குப் பெரிய உடற்குறை இருக்கும் என்றால், வால்ப்ரோயேட் எடுத்தவர்களின் குழந்தைகளில் அது பத்து அளவுக்குப் போகிறது. வளர்ச்சியிலும் கற்றலிலும் பின்தங்குவது அதைவிடப் பரவலாக, 100-க்கு 30 முதல் 40 வரை. அந்தப் பண்புக்குத் தனிச்சொல் வேண்டும். "ஊனம்" வராமல், தாயைக் குற்றவாளி ஆக்காமல், மாத்திரையைத் தூக்கி எறியவும் வைக்காமல். அதைப் புது இழையில் தொடங்குகிறேன். இங்கே கலக்க வேண்டாம். மருந்துமுறிக்குத் தடை உள்ளவர்கள் அச்சுக்குப் போகும் முன் எழுதிவிடுங்கள். மாற்றுச்சொல்லோடு வருகிறவர்களுக்கு முன்னுரிமை.

அன்புடன்,
துண்டறிக்கைக் குழுவுக்காக