12-க்கு 10 அடி ஹாலில் ஸ்டீரியோ: பாஸ் குமுறுகிறது, பாடகர் குரல் நடுவில் நிற்கவில்லை. 3000 ரூபாய்க்குள் என்ன செய்யலாம்?

வேப்பம்பூ எழுதியது:

வணக்கம். ஹால் 12 அடி நீளம், 10 அடி அகலம், உயரமும் 10 அடி. தரை டைல்ஸ், சுவரெல்லாம் சிமெண்ட் பூச்சு, ஓரமாக ஒரு ஸ்டீல் பீரோ. டிடிஏ7294 என்ற ஆம்ப்ளிஃபையர் சிப் உள்ள போர்டு இரண்டு போட்டு, 24-0-24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் அசெம்பிள் செய்த ஆம்ப். 6 இன்ச் ஊஃபரும் (பாஸுக்கு) ட்வீட்டரும் (மேல் சுருதிகளுக்கு) உள்ள 8 ஓம் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, போர்ட் (பெட்டியின் காற்றுத் துளை) பின்பக்கம். இரண்டும் ஷோகேஸ் மேல், 10 அடிச் சுவரின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்திருக்கின்றன. சோபா எதிர்ச் சுவரை ஒட்டி. பாட்டு லேப்டாப்பின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து வருகிறது.

குறைகள் நான்கு. தவிலோ பாஸ் கிதாரோ வந்தால் ஒரே ஒரு சுருதி மட்டும் பானைக்குள் அடித்ததுபோலக் குமுறுகிறது. பாடுபவர் குரல் நடுவில் நிற்காமல் பரவிக் கிடக்கிறது. லேப்டாப் சார்ஜரைச் செருகினால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். வால்யூம் திருகும்போது கரகரப்பு.

கடையில் கேட்டால் வயரை மாற்று, ஆம்பை மாற்று என்கிறார்கள். கையில் இருப்பது 3000 ரூபாய். சால்டரிங் ஓரளவு வரும். எதை முதலில் செய்வது?


நாலுசுவர் எழுதியது:

ஆம்பை இப்போது தொடவே வேண்டாம். முதல் இரண்டு குறைக்கும் காரணம் அறையும், ஸ்பீக்கரை வைத்து இணைத்திருக்கும் விதமும்தான். இரண்டையும் காசில்லாமல் பெருமளவு சரிசெய்யலாம்.

முதலில் போலாரிட்டி. குரல் நடுவில் நிற்காமல் பரவுகிறது என்றாலே ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஆம்பை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் வயர்களை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். 1.5 வோல்ட் பென்டார்ச் செல்லின் பிளஸ்ஸை ஆம்பின் சிவப்பு முனைக்குப் போகும் வயரிலும், மைனஸைக் கருப்புக்குப் போகும் வயரிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். இரண்டு ஊஃபரும் வெளியே துள்ள வேண்டும். ஒன்று உள்ளே இழுத்தால் அந்தப் பக்கம் வயரை மாற்றிப் போடுங்கள். ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்துத் தரும் கிராஸ்ஓவரில் ட்வீட்டருக்கு முன்னால் கெபாசிட்டர் இருப்பதால் இந்தச் சோதனையில் ட்வீட்டருக்கு ஆபத்தில்லை. ட்வீட்டரைத் தனியாகக் கழற்றி, நேராகச் செல்லில் தொட வேண்டாம்.

அடுத்தது குமுறல். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே, அறையின் அளவைப் பொறுத்து ஒரு சுருதி தேங்கி நிற்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர். அதை அந்தத் தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் எந்தச் சுருதி என்று தெரியும். உங்கள் 12 அடிக்கு 48 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ். சிக்கல் என்னவென்றால் உங்கள் அகலமும் உயரமும் ஒன்று. இரண்டும் அதே 57-இல் சேர்ந்து நிற்கின்றன. மூலையில் வைத்த ஸ்பீக்கர் இவை எல்லாவற்றையும் முழு வேகத்தில் கிளப்பிவிடும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால், 48 உச்சமாக இருக்கும் இடத்திலேயே உங்கள் காது இருக்கும். இரண்டு தவறும் ஒரே ஹாலில்.

மாற்று இடம் இப்படி: ஸ்பீக்கர்கள் அதே 10 அடிச் சுவர்ப் பக்கமே இருக்கட்டும். ஊஃபரின் முகம் பின்சுவரிலிருந்து 1½ அடி, ஊஃபரின் மையம் பக்கச் சுவரிலிருந்து 2 அடி, தரையிலிருந்து ஏறக்குறைய 2½ அடி. இந்த மூன்று தூரமும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு பரப்பிலிருந்தும் திரும்பி வரும் ஒலி, தூரத்தின் நான்கு மடங்கு அலைநீளத்தில் நேர் ஒலியை வெட்டும். 1½ அடிக்கு 191 ஹெர்ட்ஸ், 2 அடிக்கு 143, 2½ அடிக்கு 114. மூன்றும் ஒரே இடத்தில் விழுந்தால் குரலின் அடிப்பகுதியில் பள்ளம் தோண்டியதுபோல ஆகிவிடும்.

இப்படி வைத்தால் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே 6 அடி. காது, ஸ்பீக்கர் இருக்கும் சுவரிலிருந்து 7¼ அடியில் வரும்படி உட்காருங்கள். சரியாக 6 அடியில் உட்காராதீர்கள், அங்கே 48 ஹெர்ட்ஸ் அறவே காணாமல் போகும். ஹாலில் நடக்க இடம் வேண்டும் என்றால் பாட்டு கேட்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். சோபாதான் என்றால் சுவரை விட்டுக் குறைந்தது 2 அடி. இடது வலது தூரம் சமமாக இருப்பது முக்கியம். அகலத்தின் நடுவில் உட்கார்ந்தால் அகலத்தால் வரும் 57 பெரும்பாலும் அடங்கிவிடும், உயரத்தால் வருவது மிஞ்சும்.

போர்ட்டில் பழைய சாக்ஸைத் தளர்வாகச் சுருட்டிச் செருகிப் பாருங்கள். பாஸ் கொஞ்சம் குறையும், இறுக்கம் கூடும். பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம்.


புதுஸ்பீக்கர் எழுதியது:

சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினால் எக்கோ போய்விடும், செலவும் இல்லை. சார்ஜர் இரைச்சலுக்கு மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை மட்டும் எடுத்துவிடுங்கள், உடனே நிற்கும்.


சால்டரிங் எழுதியது:

எர்த் பின்னை எடுக்கிற யோசனையை யாரும் செய்யாதீங்க. இரைச்சல் நிற்கும், உண்மைதான். ஆனா உள்ளே இன்சுலேஷன் போனா ஃபேஸ் எர்த்துக்குப் போக வழி இல்லாம, லேப்டாப் பாடி, ஆடியோ வயர், ஆம்ப் சேஸிஸ் எல்லாத்துலயும் நிக்கும். தொடுறவங்க உயிருக்கே ஆபத்து.

வேப்பம்பூ தம்பி, உங்க இரைச்சல் கிரவுண்ட் லூப். லேப்டாப்புக்கு ஓர் எர்த், ஆம்புக்கு ஓர் எர்த், நடுவுல ஆடியோ கேபிளோட ஷீல்டு (வெளியே சுத்தியிருக்கிற வலைக்கம்பி). இந்த வளையத்துல கரண்ட் ஓடுது, அதைத்தான் கேக்குறீங்க. வரிசையா பாருங்க:

முதல்ல ஆம்பின் இன்புட் கேபிளைக் கழற்றிட்டு இன்புட்டை ஷார்ட் பண்ணுங்க, அதாவது சிக்னல் முனையையும் கிரவுண்டையும் சேர்த்துடுங்க. அப்பவும் 'ம்ம்ம்' இருந்தா அது லூப் இல்லை, பவர் சப்ளையோட ஃபில்டர் கெபாசிட்டர் காய்ஞ்சு போயிருக்கு. 4700 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட், 105 டிகிரின்னு எழுதினது ரெண்டு மாத்துங்க. 24-0-24-ல பக்கத்துக்கு 33 வோல்ட் வரும், அதனால 35 வோல்ட் கெபாசிட்டர் போடாதீங்க. மெயின்ஸ் கூடினா தாங்காது. மாத்துறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கிட்டு, 1 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை ஒவ்வொரு கெபாசிட்டர் குறுக்கேயும் அரை நிமிஷம் பிடிங்க, மீட்டர்ல வோல்டேஜ் இறங்கிடுச்சான்னு பாத்துட்டுக் கை வைங்க. போலாரிட்டி மாறினா வெடிக்கும்.

இன்புட்டைக் கழற்றினதும் சத்தம் நின்னா லூப்தான். லேப்டாப் சார்ஜரையும் ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல செருகுங்க. பாதி இடத்துல இதுலயே போயிடும். போகலைன்னா ஆடியோ கேபிள் நடுவுல கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர். உள்ளே ரெண்டு குட்டி 1:1 டிரான்ஸ்ஃபார்மர், அவ்வளவுதான். ரொம்ப மலிவானதுல கோர் சின்னது, சிக்னல் பெரிசா வந்தா ஆழமான பாஸ் நசுங்கும். அதனால லேப்டாப் வால்யூமைப் பாதிக்குக் குறைச்சு, ஆம்ப்ல கூட்டிக்குங்க.

ப்ளூடூத் போர்டு வாங்கி ஆம்ப் சப்ளையிலயே 5 வோல்ட் எடுத்துக் குடுத்துட்டு 'கீ...'ன்னு சத்தம் வருதுன்னு நிறையப் பேர் கேக்குறாங்க. அதுவும் கிரவுண்ட் பிரச்சினைதான். பி0505எஸ்-ன்னு ஒரு குட்டி ஐசொலேட்டட் கன்வெர்ட்டர் இருக்கு, 5 வோல்ட் உள்ளே, 5 வோல்ட் வெளியே, 200 மில்லி ஆம்பியர். அதை நடுவுல போட்டா நிக்கும். சென்னையா இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும்.

வால்யூம் கரகரப்புக்குக் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே. பவர் ஆஃப், வால்யூம் கன்ட்ரோலோட கால்கள் பக்கம் இருக்கிற இடுக்குல ஒரு சொட்டு அடிச்சு, முழு அளவுக்கும் 30 தடவை திருப்புங்க, 10 நிமிஷம் காய விட்டு ஆன் பண்ணுங்க. துரு நீக்குற ஆயில் ஸ்ப்ரே வேண்டாம், பிசுபிசுப்பு தங்கித் தூசி பிடிக்கும். அப்படியும் போகலைன்னா வால்யூம் கன்ட்ரோலையே மாத்துங்க, ஏ50கே-ன்னு எழுதினது. பி50கே வாங்கிடாதீங்க. அது லீனியர், கொஞ்சம் திருப்பினதுமே பெரும்பாலான சத்தம் வந்துடும்.

வயர் விஷயத்துல கடைக்காரர் சொன்னது பாதி சரி. இப்ப இருக்கிற வயர் எவ்வளவு தடிமன், எவ்வளவு நீளம்?


வேப்பம்பூ எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. வயர் 0.5 ஸ்கொயர் எம்எம் சிவப்பு-கருப்பு. ஒரு பக்கம் 6 மீட்டர், இன்னொரு பக்கம் 2 மீட்டர்.

நாலுசுவர் சார், இடது ஊஃபர் உள்ளேதான் இழுத்தது! மாற்றியதும் குரல் நடுவுக்கு வந்துவிட்டது. ஸ்டூல் மேல் தற்காலிகமாக வைத்துப் பார்த்ததில் குமுறல் பாதியாகிவிட்டது. கைதட்டினால் மட்டும் 'ட்ரிங்' என்று சுவருக்குச் சுவர் ஒலிக்கிறது. ஸ்டாண்டு செய்ய வழி சொல்லுங்கள்.


சால்டரிங் எழுதியது:

0.5 செப்பு வயர் மீட்டருக்கு 0.039 ஓம். 6 மீட்டர்னா போய் வர 12 மீட்டர், 0.47 ஓம் ஆகுது. ஸ்பீக்கர் ஓம்ல நூத்துக்கு அஞ்சு, உங்களுக்கு 0.4, அதுக்குள்ள இருக்கணும். வீட்டு வயரிங்குக்கு வாங்குற 1.5 ஸ்கொயர் மல்டிஸ்ட்ராண்ட் செப்பு வயர் போட்டா 0.16-க்கு இறங்கிடும். அதுக்கு மேல காசு போடாதீங்க. மலிவான ஸ்பீக்கர் வயர் பலது அலுமினியத்து மேல செப்பு முலாம். ஓர் இழையை பிளேடால சுரண்டினா உள்ளே வெள்ளையாத் தெரியும்.


ரீப்பர்கட்டை எழுதியது:

முட்டை அட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மெல்லிய காகிதக்கூழ். மிக மேலான சுருதிகளைக் கொஞ்சம் சிதறடிக்கும், குரல் பகுதியிலும் பாஸிலும் ஒன்றும் செய்யாது. தீப்பிடித்தால் சுவரே எரியும். வேண்டவே வேண்டாம்.

ஸ்டாண்டு ஒன்றுக்கு: 4 இன்ச் பிவிசி பைப், 18 எம்எம் பிளைவுட்டில் கீழே 12-க்கு 12 இன்ச், மேலே உங்கள் ஸ்பீக்கரின் அடி அளவுக்கு ஒரு துண்டு, 8 எம்எம் திரெட் ராடு ஒன்று, நட்டும் அகல வாஷரும் இரண்டிரண்டு, காய்ந்த சலித்த மணல் சுமார் 9 கிலோ. பைப்பின் உயரத்தை இப்படிக் கணக்கிடுங்கள்: நாற்காலியில் உட்கார்ந்தபோது காது இருக்கும் உயரத்திலிருந்து, ஸ்பீக்கரின் அடியிலிருந்து ட்வீட்டர் மையம் வரையுள்ள அளவையும் இரண்டு பிளைவுட் கனத்தையும் கழியுங்கள். பெரும்பாலும் 65 சென்டிமீட்டர் பக்கம் வரும். பைப்பின் இரு முனையும் சரிநேராக வெட்டப்பட வேண்டும், இதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். சுற்றி ஒரு தாளை ஒட்டிக் கோடு போட்டு வெட்டினால் கோணாது.

கீழ்ப் பலகையில் அடிப்பக்கம் நட்டு மறையும்படி குழி எடுத்து ராடை ஏற்றுங்கள். பைப்பை நிறுத்தி, அடியைச் சுற்றி சிலிகான் போட்டு ஒரு நாள் காயவிட்டு மணலைக் கொட்டுங்கள். ஈர மணல் போட்டால் பிளைவுட் ஊதிவிடும். மேல் பலகை வைத்து நட்டை முறுக்குங்கள். அங்கும் குழி எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்பீக்கர் ஆடும். ஸ்பீக்கருக்கு அடியில் நான்கு மூலையிலும் ரப்பர் புஷ். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடென்றால் கீழ்ப் பலகையை 15 இன்ச் ஆக்குங்கள்.

அந்த 'ட்ரிங்' சத்தத்துக்கு ராக்வூல், அதாவது பாறையை உருக்கி நூலாக்கிய பஞ்சுப் பலகை. கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 50 எம்எம் கனம், 1 மீட்டருக்கு 60 சென்டிமீட்டர் ஸ்லாப். 1-க்கு 4 இன்ச் ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்து, ஸ்லாபை முன்பக்கம் நிறுத்தி, பின்னால் 2 இன்ச் காற்று இடைவெளி விடுங்கள். சுவரோடு ஒட்டினால் வீணாகும் பாதி வேலையை அந்த இடைவெளி செய்யும். முன்பக்கம் பருத்தித் துணி. வாயில் வைத்து ஊதினால் காற்று போக வேண்டும், போகாத துணி ஒலியைத் திருப்பி அடிக்கும். கையுறை, மாஸ்க், முழுக்கைச் சட்டை இல்லாமல் ராக்வூலைத் தொடாதீர்கள், நாள் முழுக்க அரிக்கும்.

மாட்டும் இடம்: நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள், இன்னொருவர் பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்தட்டும். ஸ்பீக்கரின் ட்வீட்டர் கண்ணாடியில் எங்கே தெரிகிறதோ அங்கே ஒன்று. இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு போதும். உங்களுக்குப் பின்னால் உள்ள சுவருக்கு இன்னொரு பேனல் செய்யப் பணம் மிஞ்சாவிட்டால், வீட்டில் இருக்கும் 4 இன்ச் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்துங்கள். தரைக்கு ஜமுக்காளம் இரண்டு மடிப்பாக. மெல்லிய கோரைப்பாய் போதாது.

பீரோவின் மேல் வைத்த பாத்திரம், கதவுப் பூட்டு, சன்னல் கொக்கி எல்லாம் அதிரும். பாஸ் பாட்டு ஓடும்போது ஒவ்வொன்றையும் கையால் அழுத்திப் பார்த்து, அதிரும் இடத்தில் ஃபெல்ட் துண்டு ஒட்டுங்கள்.


நாலுசுவர் எழுதியது:

மிஞ்சியிருக்கும் 57 ஹெர்ட்ஸை இந்த மெத்தையும் பேனலும் அடக்காது. அதன் கால் அலைநீளமே 1½ மீட்டர். அதற்கு லேப்டாப்பிலேயே மருந்து இருக்கிறது. விண்டோஸ் என்றால் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் இலவசம். டோன் ஜெனரேட்டரில் 45-லிருந்து 70 வரை ஒவ்வொரு ஹெர்ட்ஸாக, குறைந்த வால்யூமில் ஓட்டி, நாற்காலியில் காது இருக்கும் இடத்தில் போனின் ஒலி மீட்டர் செயலியை வைத்து எழுதிக்கொள்ளுங்கள். போன் மைக் காட்டும் எண் சரியாக இராது, ஆனால் எங்கே மேடு என்பது தெரிந்துவிடும். அந்த இடத்தில் பீக் ஃபில்டர் (ஒரு சுருதியைச் சுற்றி மட்டும் ஏற்றி இறக்குவது): கெயின் மைனஸ் 6 டெசிபல், க்யூ (எவ்வளவு குறுகலாக வெட்டுவது) 5. பத்தாவிட்டால் 2 டெசிபல் வீதம் இறக்குங்கள்.

மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்பக் கூடாது. 6 டெசிபல் ஏற்றினால் ஆம்ப் நான்கு மடங்கு பவர் தர வேண்டும், அதுவும் சுவரில் பட்டுத் திரும்பி அதே பள்ளத்தில் காணாமல் போகும். பள்ளம் இருந்தால் நாற்காலியை அரை அடி நகர்த்துங்கள். கூடவே 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் ஒன்று போட்டுவிடுங்கள். போர்ட் உள்ள 6 இன்ச் ஊஃபருக்கு அதற்குக் கீழே பிடிமானம் இல்லை, கோன் வீணாக ஆடி, அதன் பின்னால் உள்ள கம்பிச்சுருள் அடிவாங்கும். டிவியை நேராக ஆம்பில் இணைத்தால் இந்த ஃபில்டர்கள் வேலை செய்யாது. அப்போது போர்ட்டில் சாக்ஸைச் செருகியே வையுங்கள்.